படிவத்தின் ஓரம்

பத்தாண்டுக்கு முன் கடைசி வகுப்பில் இருந்தவர்களுக்கு
எங்கள் பள்ளி ஒரு படிவம் அனுப்பியது.
ஐந்து கேள்வி, ஐந்து கட்டம்,
தபால்தலை ஒட்டிய பதில் உறை.
பெரியவர்களின் வாழ்க்கைக்கு இப்பள்ளி
உங்களை ஆயத்தப்படுத்தியதா?
ஆம். ஓரளவு. இல்லை.
வேண்டியதை வட்டமிடுக.

நான் நீல்தா பெந்தங்கூர், அலுவலக எழுத்தர்.
உறைகளைப் பிரித்து, எண்ணி, சதவீதமாக்கி
வெள்ளிக்குள் தலைமையாசிரியை மேசையில் வைக்கவேண்டும்.
சன்னலுக்கு வெளியே உருகுவே ஆறு,
இந்த வாரம் அடக்கமாக.
குடுவையில் மாத்தேக்கு வைத்த வெந்நீர்
ஆறிக்கொண்டிருந்தது.

முதல் உறையே கணக்கைக் கெடுத்தது.
கட்டங்களில் பேனா படவே இல்லை.
ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல்:
"முக்கோணவியல் மறந்துவிட்டது.
ஐந்தாம் ஆண்டில் பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்தது.
மனுக் கொடுத்தோம். பதில் இல்லை.
மறுபடி கொடுத்தோம். இல்லை.
மூன்றாவதற்குத் தாழ்ப்பாள் வந்தது.
இப்போது இறைச்சி ஆலையில் சங்கச் செயலாளர்.
எதையும் மூன்று முறை கேட்காமல் விடுவதில்லை.
எல்மிரா சோசா."

அடுத்தவன் மொண்டேவிதேயோவிலிருந்து:
"தவளையின் இதயத்துக்கு மூன்று அறை.
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
ஓர் அறையை வாடகைக்கு எடுக்கும்போது
ஏழாம் பிரிவைப் படிக்கவேண்டும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.
இரண்டு மாத முன்பணம் போயிற்று.
தவளையோடு எனக்குச் சண்டையில்லை."

ஒருவர் மூன்றையும் வட்டமிட்டிருந்தார்.
விளக்கமில்லை, கையெழுத்தும் இல்லை.

"நான்காம் ஆண்டை இரண்டு முறை படித்தேன்.
வானம் இடிந்து விழவில்லை.
ரொட்டிக்கடை முதல் குளிர்காலத்திலேயே நொடித்தபோது
அந்தச் செய்தி என்னிடம் ஏற்கனவே இருந்தது."

பிறகு இது, பென்சிலில்:
"வெள்ளம் வந்த ஆண்டு
உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்பது குடும்பம்.
மெத்தை முப்பத்தொன்று.
பெயர்ப்பட்டியல் என் கையில்.
இல்லை என்று யாரிடம் சொல்வது,
சொல்லும்போது எங்கே பார்ப்பது?
எனக்குப் பதினாறு வயது.
இன்று அவசரப் பிரிவில் இரவுத் தாதி.
இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்,
முகத்தைப் பார்த்து."

அதைப் படித்தபின் எழுந்து போய்
கூடத்துக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.
பூட்டித்தான் இருந்தது.

பதினோரு உறைகள் பிரிபடாமல் திரும்பின.
முகவரியில் இல்லை என்ற முத்திரையோடு.
"அவற்றைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்" என்றார் தலைமையாசிரியை.
"ஓரத்தில் எழுதியவர்களை?"
"பதிலில்லை என்று போடுங்கள்."

போட்டேன்.
ஆம், அறுபத்திரண்டு சதவீதம்.
வட்டமான, நல்ல எண்.

தாள்களைக் கோப்பில் வைக்கப்போன இடத்தில்
பழைய கட்டொன்று சரிந்து விழுந்தது.
தாழ்ப்பாள் மனு.
ஒன்று. இரண்டு.
இரண்டிலும் 'பெறப்பட்டது' முத்திரை,
கீழே என் சுருக்கொப்பம்.
மேலே அனுப்பியதற்கு அடையாளமே இல்லை.
அந்த மாதம் வேலை அதிகமா,
அல்லது சிறுமிகள்தானே என்று இருந்துவிட்டேனா,
நினைவில்லை.
எல்மிராவின் பிடிவாதத்தில்
என் சோம்பலுக்கும் ஒரு பங்கு.
இதற்கு எந்தக் கட்டம்?

திரும்பிய பதினொன்றில் ஒன்று
இஸ்மாயேல் தெச்செராவுடையது.
இரண்டு பாடம் பாக்கியிருக்க
ஆரஞ்சு அறுவடைக்குப் போனவன்.
விலகல் சான்றிதழில் முத்திரை குத்தியது நான்தான்.
மை காயும் நேரம் நின்றான்.
ஏன் என்று கேட்க அந்த நேரம் போதும்.
கேட்கவில்லை.

படிவத்தைப் புது உறையில் இட்டேன்.
இந்தத் தபால்தலை என் காசு.
சால்தோ, வடக்குச் சாலை, பழப் பொதிசாலைகள்,
தெரிந்தவர் யாராயினும் சேர்ப்பிக்க.
ஓரத்தில் இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டு
படிவத்தை மறுபடி தட்டச்சு செய்திருந்தேன்.

இது இரண்டாவது முறை.